அசல் பச்சை

பத்து ஐம்பது ரயில் ரத்து.
அடுத்தது ஒன்றேகாலுக்கு.
வருந்துகிறோம் என்றது ஒலிபெருக்கி,
வருத்தம் துளியும் இல்லாத குரலில்.

மழை என்று சொல்ல முடியாது.
பக்கத்தில் யாரோ ஈரத்துணி உதறுவதுபோல்
ஒரு தூறல்.
இதை நகரம் என்கிறார்கள்,
கதீட்ரல் இருப்பதால்.
அதைக் கழித்தால்
மூன்று தெருவும் ஒரு செருப்புக் கடையும்.

அருங்காட்சியகம் இலவசம்.
கதவுதான் கனம்.
தோளால் தள்ளி உள்ளே போனதும்
ஒரு கிளிக்.
நாற்காலியில் இருந்தவளின் உள்ளங்கையில்
ஆள் எண்ணும் கருவி.
"முப்பத்தொன்று" என்றாள்,
அதுதான் என் பெயர் என்பதுபோல்.
அவள் பெயர் சட்டையில் இருந்தது: க்ளெனிஸ்.
நாலு அறைக்கும் அவள் ஒருத்தி.

பொத்தான் ஆலை முதலாளி கட்டிக் கொடுத்தது.
முதல் அறையில் எண்ணெய் வண்ணத்தில் நிற்கிறார்.
கோட்டில் ஒன்பது பொத்தான்,
ஒன்பதிலும் ஒவ்வொரு ஜன்னல் வெளிச்சம்.
முகத்துக்கு ஆன நாளைவிடப்
பொத்தானுக்கு ஆன நாள் அதிகம்.
கூலி தருபவர் எங்கே பார்ப்பார் என்று
அறிந்த ஓவியன்.

ஆலைப் பெண்கள் சுவரில் இல்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள்
அவர்கள் சிப்பி துளைத்த ஊசி ஒன்று.
'பெயர் தெரியவில்லை' என்கிறது சீட்டு.
ஊசியின் பெயரா, ஓட்டியவள் பெயரா,
அதுவும் தெரியவில்லை.

மூன்றாம் அறையில் கூரை ஒழுகுகிறது.
கீழே நீல வாளி, சுற்றிலும் கயிறு.
ஓர் இளைஞன் அதன்முன் தலைசாய்த்து
வெகுநேரம் யோசித்துப்
படம் எடுத்துக்கொண்டான்.
சொட்டு.
நானும் நின்றேன்.
சொட்டு.
மோசமில்லை.

எல்லோரும் வருவது நாலாம் அறைக்கு.
இந்த ஊரை ஆறு விழுங்கிய நாளின் ஓவியம்;
கூரைமேல் ஒரு பசு நிற்கும்.
அஞ்சலட்டையில்தான் பார்க்க முடிந்தது.
அசலை லண்டனுக்கு இரவல் கொடுத்துவிட்டார்களாம்.
சாம்பல் சுவரில்
இரண்டு கொக்கி,
கீழே ஒரு பெரிய செவ்வகம்,
பச்சை.

கிளிப்பச்சை இல்லை. பாசிப்பச்சை இல்லை.
அடைமொழி தேடித் தேடி
வெறும் பச்சைக்கே திரும்பி வந்தேன்.

"சுவரே இந்த நிறந்தான்."
பின்னால் க்ளெனிஸ்.
"வெயில் தின்னது போக மிச்சம் இவ்வளவு.
இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கேன்,
சாம்பல்னே நினைச்சிருந்தேன்."
வீட்டிலிருந்து தையல்நூல் டப்பாவைக் கொண்டுவந்து
ஒவ்வொரு இழையாய்ச் சுவரில் வைத்துப் பார்த்தாளாம்.
ஒன்று கிட்டத்தட்ட ஒத்துவந்தது.
மதியம் வெளிச்சம் மாறியதும்
அதுவும் விலகிப் போனது.
"வெள்ளிக்கிழமை வேற ஏதோ மாட்டிடுவாங்க."

நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு
திரு. பெட்டிஃபர் வந்தார்.
(கிளிக்.)
வந்ததும் கேட்டார்: "பசு எங்கே?"
"லண்டன்ல."
"அங்கே அதுக்கென்ன வேலை?"
நவம்பரில் வந்துவிடும் என்றாள்.
அவர் விரல் மடக்கி எண்ணினார்.
ஒரு கை முழுவதும் மூடியது.
மூடிய கையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச்
"சரி, பார்க்கலாம்" என்றார்.
மூவரும் பச்சையைப் பார்த்தோம்.
பசு நின்ற இடம் இது என்று
ஓரிடத்தைக் காட்டினார்.
க்ளெனிஸ் இன்னும் இடப்பக்கம் என்றாள்.
அதில் இருவருக்கும் கடைசிவரை
ஒத்துப்போகவில்லை.

பாதித் தெரு ஓடிய பிறகு குடை ஞாபகம் வந்தது.
திரும்பி ஓடினேன்.
தோள், கதவு.
க்ளெனிஸ் நிமிர்ந்தாள்,
என்னைத் தெரிந்த முகத்தோடு சிரித்தாள்.
ஆனாலும் கட்டைவிரல்
தன் வேலையைச் செய்தது.
"முப்பத்து மூன்று."

அவர்கள் கணக்கில் இனி
நான் இரண்டு பேர்.
ஒருத்திக்கு ரயில் கிடைத்தது.